ஆறு

வியாழக்கிழமை. உழைப்பாளர் கிளப். நுழைவு இருபது டாலர்.
முதல் பரிசு மாமிசத் தட்டு:
ஆட்டுத் தொடை, சாசேஜ், மேலே ஒரு கொத்து பார்ஸ்லி,
செலோபேன் தாளுக்குள் வேர்த்துக்கொண்டிருக்கிறது.
நியூசிலாந்தின் தென்கோடி. ஊரின் பெயர் பிளஃப்.
அதை வைத்துச் சொல்லக்கூடிய ஜோக் எல்லாம்
இந்த மேஜையில் சொல்லியாயிற்று.

மூன்று மணி நேரம் குப்பையைக் கவிழ்த்துக் கவிழ்த்து
கடைசியில் இரண்டு ஏஸ்.
இஸ்பேட் ஒன்று, ஆர்ட்டின் ஒன்று.
மூச்சு மாறாமல் பந்தயத்தை ஏற்றினேன்.

கிளாரி ஸ்ப்ரோட் கண்ணாடியைத் துடைத்தார்.
யார் முறை என்று கேட்டார்.
அவர் முறைதான்.
எப்போதும் அவர் முறைதான்.
மறுபடி துடைத்தார்.
பிறகு எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார்,
சாப்பிட்டு முடித்த தட்டைத் தள்ளுவதுபோல.

ஆறும் இரண்டும்.
நிறம்கூடச் சேரவில்லை.
"என் வீட்டு நம்பர்" என்றார்.

ராஜா, ஒன்பது, இரண்டு. சரி, ஒரு இரண்டு, இருக்கட்டும்.
நாலாவது ஜாக்கி.
ஐந்தாவது சீட்டுக்கு இந்த ஆட்டத்தில் ஆறு என்று பெயர்.
ஆற்றில் வந்தது
ஆறு.

நான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள்.
போன மாதம் சிப்பிப் படகின் வின்ச்சுக்கு
மூன்று விரலைக் கொடுத்த பையனுக்கு
ரக்பி ஸ்கோர் பேசியபடியே கட்டுப் போட்டேன்,
மூன்றையும் ஐஸ் பெட்டியில் எண்ணி வைத்தேன்.
அன்று நடுங்காத கை
ஒரு குவியல் பிளாஸ்டிக் வட்டத்துக்கு நடுங்குகிறது.

நான் சொன்னவை இங்கே வேண்டாம்.
அவர் கண்ணாடியைப் பற்றி ஒன்று,
அவர் அம்மாவைப் பற்றி ஒன்று,
மிச்சம் பொதுவாக, கூரையைப் பார்த்து.
டார்ட் எறியப்போனவன் தூக்கிய கையோடு நின்றான்.
கிளாரி மட்டும் சொன்னார்:
"மூச்சை இழு. மெதுவா விடு. இன்னொரு தடவை."

அப்போதுதான் எறிந்தேன்.

மிச்சமிருந்த சில்லுகள் பச்சையும் சிவப்புமாய்ச் சிதற,
ஒன்று பில்லியர்ட்ஸ் மேஜைக்கடியில் உருண்டு
எல்லோருக்கும் கேட்கும்படி
நெடுநேரம் சுழன்று படுத்தது.

மண்டியிட்டுப் பொறுக்கினேன். யாரும் உதவவில்லை,
யாரும் பார்க்காததுபோல் இருந்தது இன்னும் மோசம்.
நடுவர் மெரியானா குரலை உயர்த்தியதே இல்லை.
"ஆறு ஆட்டம். வெளியே."

வெளியே, துருவத்திலிருந்து
தடுக்க ஒரு மரமும் இல்லாமல் வரும் காற்று.
ஜாக்கெட் உள்ளே. திரும்பிப்போய் எடுக்க மானம் விடவில்லை.
ஜன்னல் வழியே என் காலி நாற்காலி.
அதற்கும் சீட்டுப் போடுகிறார்கள்.
முறை வரும்போது மெரியானாவின் விரல்
என் குவியலிலிருந்து இரண்டு சில்லை நடுவில் வைக்கிறது:
நான் இல்லாத இடத்துக்கு நான் கட்டும் வாடகை.

அறுபத்திரண்டு.
மணி வேலை செய்யாத கதவு. படியில் ஒற்றைச் செருப்பு.
ஜூன், விடியாத நாலரை.
சமையலறைத் தரையில் நெஞ்சைப் பிடித்தபடி
உங்களுக்கு டீ போடட்டுமா என்று கேட்டவருக்கு
வயர்களை ஒட்டிக்கொண்டே சொன்னேன்,
மூச்சை இழுங்க. மெதுவா விடுங்க.
அன்று அவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

உள்ளே யாரோ சிரிக்கிறார்கள்.
என்னைப் பார்த்து இல்லை. அதுவும் கொஞ்சம் வலிக்கிறது.

ஆறு முடிந்து உட்காருகிறேன்.
ஒன்பது சில்லு இருக்க வேண்டும். எட்டு.
கிளாரி தன் மலையிலிருந்து ஒன்றைச் சுண்டி
என் பக்கம் அனுப்புகிறார்.
"சில்லு கைமாறக் கூடாது" என்கிறாள் மெரியானா.
"உங்களுக்கும் ஆறு."

அவர் எழுந்து தொப்பியை மாட்டி,
கொக்கியில் கைக்குக் கிடைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போகிறார்.
என்னுடையது.
முதுகில் வெளிச்சம் பட்டு ஒளிரும் எழுத்தில்
ஆம்புலன்ஸ்.

எனக்கு ஒன்பதும் நாலும். கவிழ்க்கிறேன்.
ஆட்டம் நிற்கிறது.
யார் முறை என்று கேட்கிறான் கீகன்.
கிளாரி முறை, என்கிறோம் பழக்கத்தில்,
எல்லோரும் காத்திருக்கிறோம்.